மலைக்கு வேலைக்குப் போகிற அம்மா, வீட்டில் நான்கு மாதக் குழந்தை: பாலை எடுத்து வைக்கலாமா?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, கேரள எல்லைக்குள் வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதப் போகிறீர்கள். காலை ஆறரைக்கு ஜீப், திரும்ப வீடு வர மாலை ஐந்தரை. குழந்தைக்கு நான்கு மாதம், பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. பதினொரு மணிக்கெல்லாம் மார்பு கல்லாகி ஜாக்கெட் நனைந்துவிடுகிறது, எந்த பம்ப் வாங்கினால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பம்ப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் உண்மையான கவலை பம்ப் இல்லை என்று தோன்றுகிறது. மலையில் எடுக்கிற பால் கெடாமல் கம்பம் வந்து சேருமா, மாமியார் சொல்வதுபோல அது குழந்தைக்கு ஆகாத பழைய பாலா, இப்படியே போனால் சுரப்பே நின்றுவிடுமா, இவைதானே உங்களைத் தூங்கவிடாமல் செய்கின்றன?

நான் தேனி மாவட்டத்தில் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு மார்பில் வாய் வைத்து உறிஞ்சத் தெம்பு இருக்காது. அவர்களுடைய அம்மாக்களை உட்கார வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சக் கற்றுக்கொடுத்து, அதைச் சொட்டு வீணாகாமல் குழந்தைக்குக் கொடுக்க வைப்பதுதான் அங்கே எங்கள் பாதி வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்களையும் குழந்தையையும் நேரில் பார்க்கவும் இல்லை. மருந்து மாத்திரை என்று வருகிற இடத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே, மார்பும் அப்படித்தான். பால் வெளியே போகப் போக உடம்பு அடுத்ததைத் தயாரிக்கும். பால் உள்ளேயே தங்கி மார்பு இறுகிக் கிடந்தால், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கும். ஒரு நாள், இரண்டு நாளில் இது நடக்காது. வாரக்கணக்கில் தினமும் பதினொரு மணி நேரம் எடுக்காமல் விட்டால் நடக்கும். அதனால் உங்கள் முதல் வேலை பாலைச் சேமிப்பது இல்லை, பாலை வெளியே எடுப்பது. ஐஸ் கிடைக்கவில்லை, பாத்திரம் மறந்துவிட்டது என்கிற நாளில்கூட எடுத்துக் கீழே ஊற்றிவிட்டு வாருங்கள். அந்தப் பால் வீண்தான், ஆனால் நாளைய பால் பத்திரம். கீழே ஊற்றக் கூடாது, எறும்பு மொய்த்தால் பால் வற்றிவிடும் என்று வீட்டில் யாராவது சொன்னால் ஏதாவது ஒரு செடியின் அடியில் ஊற்றிவிடுங்கள். இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

எத்தனை முறை? பதினொரு மணி நேரத்துக்கு மூன்று முறை எடுத்தால் நல்லது. பத்து மணி தேநீர் நேரத்தில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, மூன்றரை வாக்கில் ஒன்று. இரண்டுதான் முடியும் என்றால் இரண்டு. கல்லாகிற வரை காத்திருக்காதீர்கள். இறுகிப்போன மார்பிலிருந்து பால் எளிதில் வராது, வலியும் கூடும். மார்பு கனக்கத் தொடங்கியதும் எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும்.

இனி கையால் எடுப்பது. இதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தான் பலர் பம்ப்பைத் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சற்று முன்னால் குனிந்து உட்காருங்கள். இரண்டு நிமிடம் மார்பை வெளியிலிருந்து காம்பை நோக்கி உள்ளங்கையால் மெதுவாக வருடுங்கள். பிசைய வேண்டாம். அப்புறம் கட்டைவிரலைக் காம்புக்கு மேலேயும், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கீழேயும் வைத்துப் பிடியுங்கள். விரல்கள் காம்பின் அடியிலிருந்து ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தள்ளி, கருவட்டத்தின் விளிம்பில் இருக்க வேண்டும். அங்கிருந்து முதலில் நெஞ்செலும்பை நோக்கி நேராக உள்ளே அழுத்துங்கள், அப்புறம் விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்துங்கள், விடுங்கள். உள்ளே, சேர்த்து, விடு. இதே தாளம்தான். விரல் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் பால் வராது, புண்தான் வரும்.

முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே வராமல் இருக்கலாம். அப்புறம் சொட்டும். சிறிது நேரத்தில் மார்புக்குள் சுருக்கென்று ஊசி குத்துவது போல ஓர் உணர்வு வந்து, நாலைந்து தாரையாகப் பீறிடும். பால் இறங்குகிறது என்று நாம் சொல்வது அதைத்தான். ஆக்ஸிடோசின் என்ற சுரப்புநீர் செய்கிற வேலை அது. பயம், அவமானம், யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்ற பதற்றம் எல்லாம் அதைத் தடுத்துவிடும். குழந்தையின் சட்டையொன்றைப் பையில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்ப்பதும், போனில் குழந்தை அழுகிற வீடியோவைப் பார்ப்பதும் பல அம்மாக்களுக்கு உதவுகின்றன. வார்டில் நாங்கள் அம்மாவின் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்துவிடுவோம். கூட வேலை பார்க்கிற அக்கா யாராவது இருந்தால் செய்துவிடச் சொல்லுங்கள். தாரை குறைந்ததும் விரல்களைச் சுற்றிலும் இடம் மாற்றி வையுங்கள், கடிகார முள் நகர்வது மாதிரி. ஒரு பக்கம் ஐந்து நிமிடம், அடுத்த பக்கம் ஐந்து நிமிடம், மறுபடி முதல் பக்கம். முதல் சில நாள் கிண்ணத்தின் அடி மட்டும்தான் நனையும். பயந்துவிடாதீர்கள். கை பழக ஒரு வாரம் பிடிக்கும். கையில் வருகிற அளவை வைத்து எனக்குப் பாலே இல்லை என்று முடிவு கட்டுவதும் தப்பு. குழந்தையின் வாய் எடுக்கிற அளவுக்குக் கையோ பம்ப்போ எடுப்பதில்லை.

பம்ப் வேண்டுமா என்றால், கை பழகிய பிறகும் நேரம் போதவில்லை, விரல் வலிக்கிறது என்றால் வாங்குங்கள். மின்சாரம் நம்பிக்கையில்லாத மலை ஸ்டோருக்குக் கையால் அழுத்துகிற சாதாரண பம்ப் போதும். பேட்டரியில் ஓடுவது வேகமாக எடுக்கும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற வகையும் உண்டு, நேரம் பாதியாகும். எந்தக் கம்பெனி என்பதைவிட மார்பில் வைக்கிற புனல் அளவு சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இழுக்கும்போது காம்பு புனலின் குழாய்க்குள் தாராளமாக நகர வேண்டும். காம்பு சுவரில் உரசினாலோ, கருவட்டமும் சேர்ந்து உள்ளே போனாலோ அளவு தப்பு. வலிக்கிற அளவுக்கு இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தவறான நினைப்பு. வலி வந்தால் பால் இறங்குவது நின்றுவிடும். இன்னொருவர் பயன்படுத்திய பம்ப்பை வாங்காதீர்கள். பல பம்ப்களில் பால் குழாய் வழியாக மோட்டார் பக்கம் போய்ப் பூஞ்சை பிடிக்கும், அதைக் கழுவி எடுக்க முடியாது. ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் பால் பட்ட பாகங்களைத் தனியாக ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். எல்லோரும் டம்ளர் கழுவுகிற தொட்டியில் போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுத்துச் சுத்தமான துணியில் காயவிடுங்கள். ஸ்டோரில் நல்ல தண்ணீருக்கே சிரமம் என்றால் இதனாலேயே கைதான் உத்தமம். கழுவ வேண்டியது கையும் ஒரு கிண்ணமும் மட்டும்தானே.

எங்கே உட்கார்ந்து எடுப்பது? கழிப்பறையில் மட்டும் வேண்டாம். யாரும் தங்கள் சோற்றை அங்கே வைத்துச் சாப்பிட மாட்டார்கள், குழந்தையின் சாப்பாடும் அப்படித்தான். ஸ்டோரில் சாக்கு அடுக்குகிற அறை இருக்கும், அல்லது கணக்குப் புத்தகம் வைக்கிற அறை. உள்ளே தாழ்ப்பாள் இருந்தால் போதும், இல்லையென்றால் ஓர் ஸ்டூலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். சூப்பர்வைசரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வேலை பார்க்கிற மூத்த சேச்சி யாரையாவது முன்னால் விட்டுப் பேசச் சொல்லுங்கள், பிள்ளை பெற்றவர்களுக்கு இது புரியும். சலுகை கேட்பதாக நினைக்கவும் வேண்டாம். வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று 1961 மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. தோட்ட வேலைக்கும் அது பொருந்தும். சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. உரிமை இருக்கிறது என்று தெரிந்து கேட்கும்போது நம் குரல் மாறும், அவ்வளவுதான். வருகிற வழியில் எடுக்க வேண்டியிருந்தால், 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பூட்டியிருந்தால் நேரக்காப்பாளர் அறையில் சாவி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது, எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும். இதில் நிச்சயமானதும் உண்டு, நிபுணர்களுக்குள் இழுபறியானதும் உண்டு. அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரம் வெளியே இருக்கலாம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மிகச் சுத்தமாக எடுத்த பால் 6, 8 மணி நேரம்கூடத் தாங்கும் என்று சில வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம் ஊர்த் தண்ணீரையும் தூசியையும் யோசித்து 4 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். ஃபிரிட்ஜில் 4 நாள். உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம். உறைந்த பாலை இளக்கினால் ஃபிரிட்ஜில் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

மேலே குளிராகத்தானே இருக்கிறது, ஐஸ் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து மணிக்கு எடுத்த பால் வீடு சேரும்போது ஏழரை மணி நேரம் ஆகியிருக்கும், 4 மணி நேரக் கணக்கு அங்கேயே முடிந்தது. அது போக, பாலுக்கு ஆபத்து மேட்டில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறவர்கள் வளைவுகள் முடிந்து கீழே இறங்கும்போது வியர்த்து வழிவதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். சித்திரை வைகாசியில் ஜீப்பின் இரும்புத் தரையில் வைத்த பை சூளைதான். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ப்பை வாங்க முடியாவிட்டால் வாய் அகன்ற ஃபிளாஸ்க் போதும். முதல் நாள் இரவே வீட்டு ஃபிரீசரில் ஐஸ் வைத்துவிடுங்கள். காலையில் ஃபிளாஸ்க்குக்குள் ஐஸைக் கொட்டி மூடி எடுத்துப்போங்கள். பாலை எடுத்ததும் இறுக்க மூடுகிற சிறிய எவர்சில்வர் சம்படத்திலோ கண்ணாடிப் பாட்டிலிலோ ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸுக்குள் இறக்குங்கள். ஒவ்வொரு முறைக்கும் தனிச் சம்படம் நல்லது. புதிதாக எடுத்த சூடான பாலைக் குளிர்ந்த பாலில் நேரே ஊற்றாதீர்கள், குளிரவைத்து அப்புறம் சேருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் உருகிக் கசியும், சம்படத்தின் மூடி வழியாக அந்தத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது, அதைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து திறக்கும்போது ஐஸ் கொஞ்சமாவது கட்டியாக மிச்சமிருந்தால் பால் நன்றாக இருக்கிறது. முழுக்கத் தண்ணீராகி, அதுவும் வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைய பாலைக் கொட்டிவிட்டு, மறுநாள் ஐஸைக் கூட்டுங்கள். தோட்டத்துக்குப் பக்கத்துக் கடையில் குளிர்பானம் வைக்கிற ஃபிரிட்ஜ் இருந்தால் அதில் ஒரு மூலை கேட்டு வைப்பது இதைவிடச் சுலபம். சோதனைச் சாவடியில் ஃபிளாஸ்க்கைத் திறக்கச் சொன்னால் குழந்தைக்குத் தாய்ப்பால் என்று நேராகச் சொல்லுங்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே சூடேறும். உள்ளே பின்பக்கம் வையுங்கள். கரண்ட் போனால் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் வரை குளிர் நிற்கும். இன்று எடுத்தது நாளைக்கு, சனிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமைக்கு என்று ஓட்டினால் உறைய வைக்கவே தேவைப்படாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மறுபக்கம் கொஞ்சம் எடுத்து வைத்தால் அது கையிருப்பு. விடிகாலையில்தான் பெரும்பாலானவர்களுக்குப் பால் அதிகம் வரும்.

எவ்வளவு பால் வேண்டும் என்ற கணக்கும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை முதல் மாதம் முடிந்ததிலிருந்து ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கும். இதில் 500ஐ ஒட்டிக் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கிறவர்களும் உண்டு, 1000ஐத் தாண்டுகிறவர்களும் உண்டு. மணிக்கு 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் நீங்கள் இல்லாத பதினொரு மணி நேரத்துக்கு 330 மில்லி. கிளம்பும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை நேரடியாகக் கொடுத்தால் இதுவும் குறையும். சில குழந்தைகள் பகலில் சும்மா கொறித்துவிட்டு, அம்மா வந்ததும் இரவு முழுக்கக் குடித்து ஈடுகட்டும். உங்கள் தூக்கம் கெடும், ஆனால் இரவில் குடித்தால் சுரப்பு நன்றாக நிற்கும், ஏனென்றால் பாலைத் தயாரிக்கச் சொல்கிற புரோலாக்டின் இரவில்தான் அதிகம் இருக்கும். பகலில் 150 மில்லிதான் குடித்தது என்று மாமியார் போனில் சொன்னால் உடனே பால்பவுடர் டப்பாவுக்கு ஓட வேண்டாம். ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, மாதாமாதம் எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் மாமியார். எடுத்து வைத்த பால் ஆகாது என்று அவர் சொல்வதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். பசும்பாலைக் காய்ச்சாமல் வைத்தால் என்ன ஆகும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர். தாய்ப்பாலில் கிருமியை எதிர்க்கிற பொருள்கள் உயிரோடு இருக்கின்றன, அதனால்தான் அது தாங்குகிறது. காய்ச்சினால் அவைதான் முதலில் போகும். அதனால் அடுப்பில் வைக்கவே கூடாது என்பதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் சம்படத்தை ஐந்து நிமிடம் வைத்தால் போதும். குளிர் விட்டால் சரி, சூடாக வேண்டியதில்லை. வைத்த பாலில் மேலே ஆடை மாதிரி கொழுப்பு ஒதுங்கி, அடியில் நீலம் பாய்ந்த தண்ணீராக நிற்கும். இதைப் பார்த்துத்தான் பலர் திரிந்துவிட்டது என்று கொட்டுகிறார்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சிலருடைய பால் ஃபிரிட்ஜில் இருந்தால் லேசாகச் சோப்பு வாடை அடிக்கும். அதற்கு லிபேஸ் என்ற நொதிதான் காரணம் என்று சொல்லிவந்தார்கள், அதுதானா வேறா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. புளித்த வாடை அடித்தால் மட்டும் கொட்டுங்கள்.

கொடுப்பதற்குப் பாட்டில் வாங்கவே வேண்டாம் என்பேன். சங்கு, பாலாடை எல்லாம் உங்கள் மாமியாருக்குக் கைவந்த கலை, அங்கே அவர்தான் நிபுணர். அதை அவரிடம் ஒப்படைத்தால் எடுத்து வைத்த பால் மேலிருக்கிற வெறுப்பும் பாதி குறைந்துவிடும், பார்த்திருக்கிறேன். குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி வைத்தபடி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் குழந்தை தானே நக்கி உறிஞ்சும். படுக்கப் போட்டு வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். ஒரு தடவைக்கு 60 மில்லி எடுத்து, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாட்டில் பழகினால் மார்பை மறந்துவிடுமா என்றால், சில குழந்தைகள் மறக்கின்றன, பல குழந்தைகள் இரண்டையும் பார்த்துக்கொள்கின்றன, ஆய்வுகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. பாட்டிலை நான் வேண்டாம் என்பது அதைக் கழுவுகிற கஷ்டத்துக்காக. மூலையில் ஒட்டிய பால்தான் வயிற்றுப்போக்கின் வீடு.

சூட்டுப் பால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்ததும் கொடுக்கக் கூடாது, முதல் பாலைப் பீய்ச்சிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது நம் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. மார்புக்குள் இருக்கிற பால் சூடாகிக் கெடுவதில்லை, நாள் முழுக்க எடுக்காமல் இருந்தாலும் கெடுவதில்லை. வந்ததும் முகம் கை கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கொடுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இந்தப் பழைய வழக்கத்துக்குள் ஒரு நல்லது இருக்கிறது, அது கழுவுதல். ஏலத்துக்கு மருந்தடிப்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் ஸ்டோரில் இருந்தாலும் காயையும் சாக்கையும் தொடுகிறீர்கள். இதைப் படிக்கிற, காட்டுக்குள் காய் எடுக்கிற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். பால் எடுப்பதற்கு முன் கையோடு மார்பையும் தண்ணீரால் கழுவுங்கள், வேலைக்கு மேலே போடுகிற சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள், வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள். மருந்தடித்த அன்று அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடிந்தால் போகாதீர்கள். கொழுப்பில் கரைகிற சில பூச்சிமருந்துகள் பாலில் வரும் என்பது உறுதியானது, டிடிடி விஷயத்தில் உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை, கொடுப்பதால் வருகிற நன்மை அதைவிடப் பெரிது என்பதுதான் இன்றுவரை நிலை. குறைக்க வேண்டியது மருந்தை, பாலை இல்லை.

பால் ஊறப் பூண்டு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயம் என்று சாப்பிடச் சொல்வார்கள். பிடித்தால் சாப்பிடுங்கள், சத்துதான். இவற்றால் சுரப்பு கூடும் என்பதற்கான சான்று மெலிந்தது, பாலை வெளியே எடுப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்குகிற மாத்திரை மட்டும் வேண்டாம். தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். ஆனால் ஜீப்பில் போகிற பெண்கள் வழியில் இறங்க முடியாதே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, அது தலைவலியில் கொண்டுபோய் விடும்.

மார்பு வீங்கினால் மல்லிகைப் பூ வைத்துக் கட்டச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்யாதீர்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை என்பதால்தான் சொல்கிறேன். பாலை நிறுத்த வேண்டிய பெண்களிடம் மல்லிகைப் பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988இல் ஓர் ஆய்வு வந்தது. மார்பு வீக்கமும் பால் சுரப்பும் குறைவதில் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்ததாக அதில் கண்டார்கள். ஒரே ஆய்வை வைத்து எல்லாம் முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் பாலைக் காப்பாற்ற நினைக்கிறவர் அதில் விளையாட வேண்டியதில்லை.

பால் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் நெறி கட்டினாற்போல் இருந்தால் முன்பெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்திப் பிசையச் சொல்வார்கள். இப்போது அந்த ஆலோசனை மாறியிருக்கிறது. அழுத்திப் பிசைந்தால் உள்ளே வீக்கம் கூடும் என்று தெரிந்து, குளிர்ந்த துணியை வைத்து, விரல் நுனியால் மெல்ல வருடி, குழந்தையை வழக்கம்போலக் குடிக்கவிடச் சொல்கிறார்கள். முழுக்கக் காலியாக்கியே தீர வேண்டும் என்று திரும்பத் திரும்ப எடுப்பதும் வேண்டாம். அந்த இடம் சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து ஒரு நாளில் விடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டி, பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்து தருவார்.

இவ்வளவும் செய்தும் ஒரு நாள் பால் போதவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப் பால்பவுடரைச் சேர்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. டப்பாவில் போட்ட அளவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சிக்கனத்துக்காகக் கூட்டிக் கரைக்கக் கூடாது. பசும்பால், சர்க்கரைத் தண்ணீர் இரண்டும் இந்த வயதில் வேண்டாம். இன்னும் இரண்டு மாதத்தில் ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழும் மசித்த சோறும் தொடங்கிவிடுவீர்கள், அப்போது பகல் பாலின் நெருக்கடி தளர்ந்துவிடும். நீங்கள் தாண்ட வேண்டிய கஷ்டகாலம் அவ்வளவுதான்.

ஜாக்கெட் நனைவதற்கு: பழைய மெல்லிய வேட்டியை நான்காக மடித்து வட்டமாக வெட்டித் தைத்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஜோடி இருந்தால் மாற்ற வசதி, ஈரமானதை உடனே மாற்றாவிட்டால் காம்பில் புண் வரும். ஜீப்பில் பால் தானாக இறங்குவது தெரிந்தால் கைகளைக் கட்டிக்கொள்வது மாதிரி முன்கையால் மார்பை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் என்றுதான் தோன்றும். கை பழகிய பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது, குழந்தையின் எடை எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள், மிச்சத்தை அதை வைத்துச் சொல்கிறேன்.